அன்னம்மா அக்கா ஓட்டை போட்ட டின்

பாசாரில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அன்னம்மா அக்காவின் மருமகன் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திறங்கி, பக்கத்தில் வந்து நின்று, "அத்தை போயிட்டாங்க" என்றார். மகளைப் பார்க்கப் போன இடத்தில் இப்படியா ஆக வேண்டும்? கீரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்கா எனக்குப் பக்கத்து வீடு. எங்கள் சண்டையைக் கேட்காதவர் பிரிக்பீல்ட்ஸில் இந்த ரயில்வே வரிசை வீடுகளில் யாருமில்லை. எல்லாம் ஒரு அரிசி டின்னால் வந்த சண்டை.

பல வருஷத்துக்கு முன் பெரிய வெள்ளம் வந்த அன்று நான் மூத்தவனைப் பெற்றுப் படுத்திருந்தேன். ஒத்தாசைக்கு அக்கா வந்திருந்தார். தெருவில் இடுப்பளவு தண்ணீர், இழுப்பு வேறு. பச்சைப் பிள்ளையோடு எங்கே போவது? என் வீட்டுக்காரர் வாசலில் பலகை அடித்து, பின்னால் மணல் மூட்டைகளை ஒற்றை வரிசையாக மார்பளவு அடுக்கியிருந்தார். அடிப்பலகை உள்பக்கம் வளைய ஆரம்பித்தது. அவரோ இன்னும் மேலே அடுக்கினார்.

"தம்பி, மேல உள்ளத எடுத்து அடியில போடுங்க."

"தண்ணி மேல ஏறுது, மூட்டைய எறக்கச் சொல்றீங்களே! புள்ள உள்ள இருக்கு!"

அக்கா என் டின்னைக் கவிழ்த்து அரிசியைக் கட்டிலில் கொட்டினார். மேலே, நடுவே, அடியிலே என்று ஆணியால் மூன்று ஓட்டை போட்டார். "ஐயோ, என் டின்னு!" என்று கத்தினேன். உயிர் போகும் நேரத்தில் எனக்கு அந்தக் கவலை! டின்னைப் பெஞ்சு விளிம்பில் வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றினார். மேல் ஓட்டையில் பக்கத்திலேயே வழிந்தது. நடு ஓட்டையில் சற்றுத் தள்ளி விழுந்தது. அடி ஓட்டையில் பீய்ச்சிக்கொண்டு போய் என் வீட்டுக்காரர் காலை நனைத்தது.

"ஒரே தண்ணி, ஒரே ஆணி. ஆழத்துலதான் தள்ளு அதிகம். அடிப்பலக பிச்சிக்கிட்டு வந்தா மேல அடுக்கி என்ன செய்ய?"

என் வீட்டுக்காரர் மேல் வரிசைகளை இறக்கினார். மூட்டைகள் அடியில் இரண்டு, மூன்று வரிசையாக அகன்றன. வெளியே தண்ணீர் ஏறியது. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நான் மாரியம்மாவைக் கூப்பிட்டேன், அக்கா யேசுவைக் கூப்பிட்டார். அப்போது எதிர் வீட்டு வாசல் அடியோடு உடைந்த சத்தம் கேட்டது. நல்லவேளை, அன்று அங்கே ஆளில்லை. எங்கள் வாசலில் மூட்டையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றுவிட்டது.

டின் வாங்கித் தரச் சொல்லி எத்தனை சண்டை போட்டிருப்பேன்! அக்காவிடம் ஒரே பதில்தான்: "புள்ள இருக்கான்ல, டின்னு எதுக்குடி?" மழை பிடித்தால் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும்: "வாசல்ல அடியப் பாத்தியாடி?"

அந்த ஓட்டை டின் இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது. நேற்று மழை கொட்டியது. பழக்கத்தில் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எதிர் வீட்டுக்காரர்களைப் பார்த்து நானே கத்தினேன்: "அடியப் பாத்தீங்களா?"