டிரசர் மாணிக்கம் குறைத்த அரைக் கரண்டி

ரிங்லெட்டிலிருந்து வரும் காய்கறி லோரிக்காரர் சிவா வண்டியை நிறுத்தாமலேயே கத்தினார்: "அண்ணே, நம்ம டிரசர் போய்ட்டாரு லா! காலையில!" லோரி வளைவில் மறைந்துவிட்டது. நான் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வீட்டுக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன். "எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எழுபதுகளில் நம் தோட்டத்து மருந்தகத்தில் நமக்கெல்லாம் கட்டுப்போட்டு மாத்திரை கொடுத்த டிரசர் மாணிக்கம் ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்ற நான் அவரைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. சீனி வியாதி என்றார் டிரசர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கோபாலு, இது மேல ஏறினா பெரிய ஆஸ்பத்திரியில கால வெட்டிடுவாங்க. கால் இல்லாதவன வெச்சு துரை என்னா செய்வாரு? வேல போனா லயன் வீடும் போச்சு. புள்ளைங்கள எங்க கொண்டுபோய் வெப்ப?"

பயத்தில் எனக்கு வீரம் வந்துவிட்டது. "மாரியம்மா மேல சத்தியம்யா, இனிமே சீனியே தொடமாட்டேன்!"

"அந்தம்மாவ ஏன்டா இழுக்கிற? அவளுக்கு ஊர்ல வேற வேலையில்லையா?" என்றார்.

நான் கேட்கவில்லை. அந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினேன். இறைச்சி இல்லை, கள் இல்லை, இனிப்பு இல்லை. கங்காணியே என்னைப் பார்த்து, "சாமியாராயிட்டான்பா" என்றார். பெருமை தாங்கவில்லை. காப்பு அவிழ்த்த அன்று தோட்டமே என்ன செய்யுமோ அதையே நானும் செய்தேன்: ஆட்டுக்கறி, கள், மேலே பாயசம். விரதத்தில் விட்டதையெல்லாம் ஒரே பகலில் வசூல் செய்துவிட்டேன். மறுநாள் வீங்கிய கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை.

டிரசர் திட்டவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "பெருசா கட்டினா எப்படா அவுக்கிறதுன்னுதான் மனசு கெடந்து அலையும். அவுக்கணும்னே தோணாத சின்னக் காப்பா ஒண்ணு கட்டிக்கடா" என்றார். அந்த வாரம் எனக்கு அவர் வைத்த இலக்கு, தேநீரில் ஊற்றும் இனிப்பு டின் பாலில் அரைக் கரண்டி குறைப்பது. அவ்வளவுதான். எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. அது பழகியபின் இன்னொரு அரைக் கரண்டி. பிறகு, குளித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது. புண் ஆறிய பின்புதான், லோரியில் தொற்றாமல் வேலைக்கு நடந்து போவது.

ஒருநாள் எனக்கு வாய் நீண்டது. "எனக்குச் சொல்றீங்க, நீங்க மட்டும் மருந்தகத்துக்குப் பின்னால ஊதித் தள்ளுறீங்களே?"

"சரிடா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்ன தொடமாட்டேன். வேணும்னா வந்து மோந்து பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் காவல்காரர்கள்.

காவல் லட்சணம் பிரிஞ்சாங் சந்தையில் ஒரு காலை வேளையில் தெரிந்தது. கடைக்குப் பின்னால் ஒளிந்து நான் தேங்காய்ப்பூ வைத்த மலாய் இனிப்புப் பலகாரம், குவே, தின்றுகொண்டிருந்தேன். அதே இடத்தில் ஒளிந்து சிகரெட் பிடிக்க அவர் வந்தார்.

"நீ திங்கிற."

"நீங்க ஊதுறீங்க."

"ரெண்டு பேரும் தோத்தாச்சு. யாரு மொதல்ல தோத்தான்னு பஞ்சாயத்து வெச்சா சந்தை முடிஞ்சிடும். நாளைக்குக் காலையில என்னா செய்யப்போற, அதச் சொல்லு." பாதி சிகரெட்டை மிதித்து அணைத்தார். மீதிக் குவேயை நான் கீழே போடவில்லை. பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன், பிள்ளைகளுக்கு என்று. வழியில் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

என் புண் விஷயம் துரை காதுக்குப் போகவே இல்லை. பிள்ளைகள் அதே லயன் வீட்டில் இருந்துதான் படித்து முடித்தார்கள். டிரசர் ஓய்வு பெற்று ரிங்லெட்டுக்குப் போனார். நான் போகும்போதெல்லாம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மோந்து பார்ப்பேன். அவர் என் செருப்பைக் கழற்றச் சொல்வார். அவருடைய நெஞ்சு மட்டும் எங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

துக்கத்துக்குப் போன அன்றும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே. டிரசரின் மனைவி கூப்பிட்டார்: "தம்பி, ஒரு எடத்துல உக்காரு. கடைசி வரைக்கும் மத்தியானத்துக்கு முன்ன அத தொடல அவரு. கோபாலு மோந்து பாப்பான்னே சொல்லிக்கிட்டிருந்தாரு."

என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "இனி நான் யாருகிட்டக்கா கால காட்டுவேன்?"

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? இப்படி வா. நீட்டு."

அத்தனை பேர் நடுவில் நீட்டினேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாணிக்கம் ஐயாவின் நினைவாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. இரண்டு கால்கள் இருக்கின்றன. நாளைக் காலை அவை வேலைக்கு நடந்து போகும்.