சீட் பெல்ட் போல்ட்டில் கட்டிய எர்த்

சாம்பல் புதனுக்கு மறுநாள் என் காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்தப்பட்டது. தவக்காலத்தில் கார் ஆடியோ கடையில் கூட்டம் இருக்காது, கடைக்காரன் அவசரப்படாமல் செய்வான் என்று அழைத்துப் போனவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தவக்காலம் முழுக்க சினிமாப் பாட்டு கிடையாது. எங்கள் வீட்டிலும்தான். அதனால் ஈஸ்டர் மதியம்வரை நாங்கள் அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாட்களை நான் இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அத்தனை வாரமும் என் மகள் பின்சீட்டில், இடப்பக்கம் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போய்வந்தாள்.

ஈஸ்டர் பிரியாணிக்குப் பிறகு பாட்டுப் போட்டோம். பாட்டோடு ஒரு கீச்சொலியும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டால் இப்படித்தான் இரையும் என்று படித்திருக்கிறேன். அந்த ஒயரை, பெயிண்டைச் சுரண்டிய நல்ல தகட்டில் தனி ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மறுநாள் காலை பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் மகளின் சீட் பெல்ட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதனடியில் ஒயரைச் செருகியிருந்தான் கடைக்காரன். திரும்ப இறுக்கவில்லை. விரலால் தொட்டதும் போல்ட் சுழன்றது.

பயம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கோபம்.

மைத்துனனுக்குப் போன் செய்துவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரன் அசரவில்லை.

"உப்புக் காத்து சார். அடியில தகடு பூரா துரு புட்சிகீது. ஸ்ட்ராங்கா கீறது அந்த ஒரு போல்ட்டுதான். இந்த ஏரியால எல்லா வண்டிக்கும் அங்கதான் அடிக்கிறேன்."

"அது என் பொண்ணு உசுரைப் பிடிக்கிற போல்ட்டுய்யா!"

"பின்னால குந்துறவன் எவன் சார் பெல்ட்டு போடுறான்? இன்னா சார் நீ, காலங்காத்தால பேஜாரு பண்ற!"

வேறெதன்மேலாவது பழி போடுவது இங்கே எல்லோருக்கும் வசதி. சாலை பெயர்ந்தால் கன்டெய்னர் லாரி, மூச்சு முட்டினால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், தகடு துருப்பிடித்தால் கடல். இறுக்காமல் விட்ட போல்ட்டுக்குமா கடல் பொறுப்பு?

அதற்குள் மைத்துனன் தன் காரில் வந்து சேர்ந்தான். பின்சீட்டில் அவனுடைய இரண்டு பெண்கள். பாட்டு தெருமுனையிலிருந்தே கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"மாமா, ஒரு போல்ட்டுக்கா இந்த சவுண்டு? ஆம்ப்ளிஃபயரைவிட நீ ஜாஸ்தி கத்துற."

கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான். இவர்களோடு பேசிப் பயனில்லை. நேரே மைத்துனனின் காருக்குப் போய்க் கதவைத் திறந்து, "இறங்குங்கம்மா ரெண்டு பேரும்" என்றேன். அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். "இறங்குங்கன்னு சொன்னேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சீட்டைத் தூக்கினேன். அதே இடம், அதே ஒயர். மைத்துனன் காரில் இதே கடைக்காரன் வேலை செய்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சுரண்டிய இடத்தில் துரு ஏறி, போல்ட்டின் கழுத்துவரை செதில் செதிலாக நின்றது.

"நீயே தொட்டுப் பாரு, மச்சான்."

தொட்டான். போல்ட் ஆடியது. மைத்துனனின் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டை நிறுத்தினான். கடைக்காரன் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு வண்டிலயும் அத்தக் கயட்டு."

"எர்த்தைக் கயட்னா பாட்டு வராது, நைனா."

"பாட்டு கெடக்குது. கயட்டுடா!"

கழற்றினான். போல்ட்டுகளை இறுக்க மட்டும் அவனை விடவில்லை. இரண்டு கார்களையும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டோம். பெண்களை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம்.