ஜன்னலுக்கு வெளியே ஓர் அருவி

தகரத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வரும். அந்தச் சத்தத்தை நான் ஒருமுறை அருவி என்று விற்றிருக்கிறேன்.

நானுஓயாவில் என் மனைவியின் தம்பி, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டான். ஜன்னலைத் திறந்தால் லீக்ஸ் பாத்தி, அதன் ஓரத்தில் ஒரு பழைய தகரம், அதற்கப்பால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் பின்சுவர். போனில் ஏஐயிடம் சொல்லி, அந்த ஜன்னலுக்கு வெளியே ஓர் அருவியை வரையவைத்து இணையத்தில் ஏற்றினான். கீழே போட என்னிடம் ஒரு வரி கேட்டான். கவிதை எழுதுகிறவனிடம் வரி கேட்டால் மறுப்பானா? ‘கட்டிலில் கிடந்தபடி அருவி பாருங்கள்’ என்று கொடுத்தேன். நல்ல வரி. கட்டிலைத் தவிர அதில் எதுவும் உண்மையில்லை.

அதை நம்பிக் கடலோர மட்டக்களப்பிலிருந்து ஒரு டீச்சரும் அவருடைய கணவரும் வந்தார்கள். கணவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. நடக்காமல் அருவி பார்க்கத் தேடித்தேடி இந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள். வந்ததும் அவர் ஜன்னலைத் திறந்தார். வெளியே பனிமூட்டம், வெள்ளையடித்த சுவர் மாதிரி.

“அருவி எங்க தம்பி?”

“பனிக்குப் பின்னால இருக்குங்க ஐயா. விலகினா தெரியும்,” என்றான் மைத்துனன், கூசாமல்.

“சத்தமும் கேக்கல்லையே?”

அவன் என்னை வெளியே இழுத்துப்போனான். “மச்சான், ஹோஸ எடுத்து அந்தத் தகரத்துல அடிங்க. மெதுவா ஆரம்பிங்க.”

“டேய், பாவம்டா அந்த மனுசன்!”

“வரி எழுதுனது யாரு?”

போனேன். பாத்தி நடுவில் நின்று பீய்ச்சினேன். வெயில்கால அருவி, மழைக்கால அருவி, பாறையில் மோதிச் சிதறுகிற அருவி. கர்வம் வேறு வந்துவிட்டது. உள்ளே அவர், “இஞ்ச வாங்க, கேக்குது, கேக்குது!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

எங்கள் ஊர்ப் பனி சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரே காற்றில் விலகிவிட்டது. ஜன்னலில் இரண்டு முகங்கள். எதிரே லீக்ஸ், தகரம், ஹோஸோடு நான்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “அருவி நீங்கதானா?”

கணவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். “நடக்க ஏலாதவனுக்கு இப்பிடிச் செய்யலாமா தம்பி?”

மைத்துனனின் முகம் செத்துவிட்டது. போய் ஓட்டோவைக் கிளப்பினான். பின்னால் அவர்கள், முன்னால் அவனோடு ஒண்டிக்கொண்டு நான். மெயின் ரோட்டிலிருந்தே தெரிகிற ஒரு நிஜ அருவிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான். அவர் இறங்காமலே, காலை நீட்டியபடி, வெளிச்சம் மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அருவியை விட்டு நான் அவரையே பார்த்தேன்.

மறுநாள் ஸ்டேஷனில், அந்தப் படத்தைத் தன் கண்முன்னே அழிக்கச் சொன்னார் டீச்சர். அழித்தான்.

“வேற படம் போடுறேங்க டீச்சர்.”

ரயில் நகர்ந்தது. கணவர் தலையை வெளியே நீட்டினார்.

“தம்பி, கடலைப் போட்டுராதீங்க! நாங்க அங்க இருந்துதான் வாறம்!”