தொரைமார் தூண்டிலுக்குத் துணை போனவன்

தூண்டில் போடுகிறவனுக்கு மீன் வந்தால் போதும். தூண்டில் போடுகிற தொரைக்குத் துணை போகிறவனுக்கு மீனும் வரணும், தொரைக்குக் கோபமும் வரக்கூடாது. மேலதிகாரிக்குப் பை சுமந்தவர்கள் உங்களில் இருந்தால் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கொடைக்கானலில் எனக்கு அதுதான் சோலி. கீழே பொட்டல் வெயிலில் கூடாரம் அடித்துக் கிடந்த பட்டாளத்து ஆபீசர்கள் பத்து நாள் லீவில் மலையேறி வருவார்கள். சீமையிலிருந்து கொண்டுவந்த மீனை வளர்த்துவிட்ட ஓடை ஒன்று தொரைமார் கிளப்பின் வசம் இருந்தது. நான் பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரன், ஓடை அத்துப்படி. அதில் ஒரு கேப்டனோடு பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

முதுகு

முதல் நாள் ஓடை இடுப்பளவு ஓடியது. கேப்டன் என் முதுகைப் பார்த்து விரலை நீட்டினார். சுமந்து அக்கரை சேர்க்கணுமாம். மற்ற துணையாட்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"கம்பைத் தூக்குறேன், கூடையைத் தூக்குறேன். ஆளைத் தூக்குறதில்லைங்க தொரை" என்றேன். தெரிந்த இங்கிலீஷில் இன்னொரு தரமும் சொன்னேன்.

முகம் சிவந்து நின்றார். அப்புறம் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். நடுவில் வழுக்கியபோது கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கிளப் சமையல்காரர் அந்தோணியண்ணனிடம் இதைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏலே, நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு வேற சோலி தேடுலே!"

பொய்ப்பூச்சி

மறுநாளும் கேப்டன் என்னைத்தான் கேட்டார். அவர் தூண்டிலில் புழு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, தண்ணீர்மேல் பட்டும் படாமல் விழும்படி வீசணும். சீமையிலிருந்து கொண்டுவந்த பூச்சிகளைக் கூடாரத்தில் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய நாலைந்தை மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காட்டுச்சேவல் இறகும் ராவுத்தர் கடைப் பழுப்பு நூலும் வைத்து நான் ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

"நாட்டுச் சரக்கை இது தொடாது. இது எங்கள் ஊர் மீன்" என்றார்.

"மீன் உங்க ஊருதாங்க. அது திங்கிற பூச்சி எங்க ஊரு."

மூன்றாம் வீச்சில் முழ நீள மீன் மாட்டியது. அதை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "அந்த வெயிலில் ஆறு மாதமாய் இதை நினைத்துத்தான் தூங்கினேன். இன்னொன்று கட்டு."

போர்டு

துணையாட்கள் கம்பைச் சுமக்கலாம், வீசக்கூடாது என்று கிளப்பில் போர்டே உண்டு. ஆறாம் நாள் கேப்டனுக்குக் குளிர்காய்ச்சல். கம்பளிக்குள் நடுங்கியபடி கரையில் உட்கார்ந்து, "நீ வீசு, நான் பார்க்கிறேன்" என்றார். வீசினேன். மீன் மாட்டின நேரம் பார்த்து கிளப் செக்ரெட்டரி குதிரையில் வந்து நின்றார்.

"சும்மா பிடித்துக்கொள்ளச் சொன்னேன்" என்று கேப்டன் எனக்காகப் பொய் சொன்னார். ஆமாம் போட்டிருந்தால் சோலி தப்பியிருக்கும். வீட்டில் ரெண்டு பிள்ளைகள். ஆனால் மீன் இழுக்கிற இழுப்பு கையில் இருக்கும்போது வாயில் பொய் வரவில்லை.

"இல்லைங்க. பிடிச்சது நான்தான்" என்று கரையில் இழுத்துப் போட்டேன்.

துணையாட்கள் பட்டியலில் அங்கேயே என் பெயரை அடித்தார் செக்ரெட்டரி. நான் மீனோடு திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து அவர் சத்தம் வந்தது: "மீனை வைத்துவிட்டுப் போ!"

வெள்ளகவிக்குக் கீழே

காய்ச்சல் விட்டதும் கேப்டன் பள்ளங்கிக்கே வந்து என் வாசலில் நின்றார். கிளப்புக்குச் சொந்தமில்லாத தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

"துணைக்கு வரலைங்க. நானும் மீன் பிடிக்கத்தான் வாரேன்" என்றேன். தலையாட்டினார்.

மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவி ஊருக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போனோம். ஊருக்குக் கீழே ஒரு காட்டோடையில் ஒரே கம்பை மாற்றி மாற்றி வீசினோம். சீமை மீன் அங்கே ஏது? விரல் நீளத்தில் ஏழெட்டு மீன் கிடைத்தது. சுட்டுத் தின்றோம். மறுநாள் அவர் பட்டாளத்துக்குத் திரும்பணும். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மீன் சின்னதுதான். ஆனால் இங்கே போர்டு இல்லை."

சோலி போனதில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம்தான்: நானே தூண்டில் போட்டு மீன் மாட்டாத நாளில் பழியைப் போட ஒரு தொரை பக்கத்தில் இல்லை.