நெற்றியில் வெள்ளை இருந்த வள்ளம்

அப்பா வள்ளம் வாங்கப் போனது மாடு வாங்கப் போவதைப் போலத்தான். செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்தார். புதன்கிழமை விடியுமுன் எழும்பி, தலையில் தண்ணீர் வார்த்து, திருநீறு பூசி, சால்வையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். விற்கிறவன் மாட்டுக்குத் தவிடு வைத்து வயிற்றை நிரப்புமுன் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். வள்ளத்துக்கு யார் தவிடு வைக்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்கவில்லை. அந்த நாட்களில் அம்மா கேள்விகளை அரிசியைப் போலச் சுருக்கிப் புழங்கினார்.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு வந்தபோது எங்களிடம் ஒரு மாட்டு வண்டிலும் இரண்டு எருதுகளும் இருந்தன. இரணைமடுத் தண்ணீர் பாய்ந்த வயல் பின்னால் கிடந்தது. ஒட்டுசுட்டானில் பெரியப்பாவின் காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். வண்டில் ஓடியது, விறகும் சாமானும் ஏற்றினோம், சாப்பிட்டோம். மாரி தொடங்கியபோது இரண்டு எருதுகளில் கறுவலைப் பாம்பு தீண்டியது. மிஞ்சியது சுட்டியன். நெற்றியின் நடுவில், யாரோ சுண்ணாம்பு விரலை வைத்து எடுத்ததுபோல ஒரு வெள்ளை. ஒற்றை எருதால் வண்டில் இழுக்க முடியாது. அதற்குச் சோடி தேடி அப்பா விசுவமடு வரை சைக்கிளில் போய்த் திரும்பினார். சோடி கிடைத்தது, அதை வாங்கக் காசு கிடைக்கவில்லை. கடைசியில் சுட்டியனே இன்னொருவருடைய எருதுக்குச் சோடியாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காசுக்குத்தான் வள்ளம். ஒரு எருதின் விலை. அதற்கு மேல் வீட்டில் ஒரு சதம் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்தில் ஜப்பான் மீன், திலாப்பியா, பெருகிக் கிடந்தது. குளத்துக்கு உழவு வேண்டாம், விதைநெல் வேண்டாம், காவல் வேண்டாம் என்று அப்பா இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது. வள்ளம் கைகொடுக்காவிட்டால் விற்பதற்கு எங்களிடம் இன்னொரு எருது இல்லை என்பது மட்டும் ஒன்பது வயதில் எனக்கும் தெரிந்திருந்தது.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எங்களைப் பார்க்காமல் கிடுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாங்கள் மீன் வாங்கிற ஆக்கள். பிடிக்கிற ஆக்கள் இல்லை."

அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. வள்ளக்காரருடைய மகள் பள்ளிக்கூடத்தில் என் வாங்கிலே, எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது, தட்டுமுட்டுச் சாமானை விட்டுவிட்டு இரண்டு வள்ளங்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். அதில் ஒன்றை விற்கப் போகிறார்கள் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். குளக்கட்டுக்குக் கீழே அவர்களுடைய கொட்டில் எது என்று எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். சைக்கிள் பாரில் இருந்தபடி இடம் வலம் சொல்லிக்கொண்டு போனேன்.

வழியில் அப்பா தன் சட்டங்களைத் திரும்பச் சொன்னார். பிடித்ததைப் பிடித்தது என்று முகத்தில் காட்டக் கூடாது. விற்கிறவன் எதைப் புகழ்கிறானோ அதை வாங்கக் கூடாது. முக்கியமாக, நான் வாய் திறக்கக் கூடாது. இது எனக்கென்று தனியாகச் செய்யப்பட்ட சட்டம். பிழையான நேரத்தில் சரியானதைச் சொல்லிவிடும் பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

போய் இறங்கியதும் வள்ளக்காரருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பா கையைக் கூப்பி, வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார்.

"நாங்கள் இன்னும் ஒண்டும் குடிக்கேல்லை," என்றேன் நான்.

அப்பாவின் கை என் தோளில் வந்து மெதுவாக அழுத்தியது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கோப்பைகளைத் திரும்ப உள்ளே கொண்டு போனார். ஆவி அவருக்குப் பின்னால் ஒரு சிறு வால்போலப் போனது. எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் விளங்கவில்லை.

விற்பனைக்கு இருந்தது நீல வள்ளம். கரையில் மரக்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆகாயத்தைக் கரைத்துப் பூசிய நீலம். முன்மூக்கில் 'கடலின் நட்சத்திரம்' என்று எழுதி, எழுத்துக்கு மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம். அப்பா அந்த இடத்தில் ஒரு கணம் நின்றார். நானும் நின்றேன். சுட்டியனின் நெற்றியில் வெள்ளை இருந்த அதே இடம். பிடித்ததை முகத்தில் காட்டக் கூடாது என்ற சட்டம் அங்கேயே உடைந்தது.

பிறகு அப்பா அதை ஒருமுறை வலமாகச் சுற்றி வந்தார். விலாவில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பல் பார்க்க வாய் இல்லாததில் கொஞ்சம் தடுமாறினார் என்று நினைக்கிறேன். பலகைகளில் கணுக்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் பெருவிரலை வைத்து எண்ணினார். மாட்டின் உடம்பில் சுழி பார்ப்பவர் அப்படித்தான் எண்ணுவார். இடப்பக்கம் பின்னால் இருந்த ஒன்றில் விரல் நின்றுவிட்டது. அது வீட்டுக்கு ஆகுமா என்று கேட்டார்.

"அது மரக் கணு, அண்ணை," என்றார் வள்ளக்காரர். சிரிப்பை மரியாதையாக மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் ஒளிக்காமல் கதைக்கிற மனிதர். வள்ளம் பழசு, அடிப்பலகையின் மூட்டு விட்டிருக்கிறது, எத்தனை தரம் அடைத்தாலும் தண்ணீர் எடுக்கும் என்று தானாகவே சொன்னார். ஒரு ஆள் துடுப்பு வலித்தால் இன்னொரு ஆள் தண்ணீர் இறைக்க வேண்டும். பழகின ஆளுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. விலையும் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றார். அப்பாவிடம் இதற்குச் சட்டம் இருக்கவில்லை. தன் மாட்டைத் தானே குறை சொல்லி விற்ற ஒருவனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த மனிதருக்கு இதை விற்க மனமில்லை, அதனால்தான் குறை சொல்கிறார். மனமில்லாமல் விற்கிற பொருள் நல்ல பொருள் என்ற முடிவுக்கு வந்தார். அவர் முகம் தெளிந்த விதத்திலேயே எனக்கு அது தெரிந்தது.

விலை பேச வேண்டிய நேரம் வந்தது. அப்பா தோளிலிருந்த சால்வையை உதறி விரித்து, வள்ளக்காரரின் வலக்கையை எடுத்து அதற்குக் கீழே வைத்து, இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார். மாட்டுத் தரகில் அப்படித்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விரல்கள் பேசும். அங்கே சுற்றி நின்றது நானும் இரண்டு கொக்குகளும். வள்ளக்காரர் கையை இழுக்கவில்லை. அப்பா மூன்றாவது விரலையும் பிடித்தபோதுதான் அவர் சொன்னார்.

"அண்ணை, நான் கையை விக்கேல்லை. வள்ளத்தைத்தான் விக்கிறன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பாவும் சிரித்துவிட்டார். சுட்டியன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு இரண்டு பேரும் வாயாலேயே விலை பேசினார்கள். ஒரு எருதின் விலைக்கு நீல வள்ளம் என்று முடிந்தது. அப்பா மடியிலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் மனதுக்குள் அந்த வள்ளத்துக்குச் சுட்டியன் என்று பெயர் வைத்து முடித்தேன்.

வள்ளக்காரர் ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, பெரிய கேள்வி இல்லை என்பதுபோலக் கேட்டார்.

"அண்ணைக்கு நீந்தத் தெரியும்தானே?"

"ஓம், ஓம்," என்றார் அப்பா.

"அப்பாவுக்கு நீந்தத் தெரியாது," என்றேன் நான்.

வாய் அப்படித்தான் திறந்தது. இரணைமடு வாய்க்காலில் நாங்கள் எல்லாரும் குதித்து விளையாடும்போது, அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று சோப்புப் போடுவார். அதற்கு மேல் இறங்கி நான் பார்த்ததில்லை. அதையும் விளக்கமாகச் சொன்னேன். அப்பா என் தோளை அழுத்தவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வள்ளக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போனார். உள்ளே அவர் மனைவியின் குரல் உயர்ந்தது. பிறகு அவருடைய குரல், தணிவாக, நெடுநேரம். பிறகு இரண்டு குரலும் இல்லை. வெளியே வந்தவர் எங்களைப் பார்க்காமல் தண்ணீரில் கட்டியிருந்த மற்ற வள்ளத்தைக் காட்டினார்.

"நீலத்தைத் தரேல்லை, அண்ணை. கறுத்ததைக் கொண்டு போங்கோ. விலை அதுதான்."

கறுத்தது வெறும் தார். பெயர் இல்லை, நட்சத்திரம் இல்லை. மொட்டை மூக்கு, விளிம்பில் ஒரு தகரத் துண்டு. செத்துப்போன கறுவலின் நிறம். அப்பா அதைச் சுற்றி வரவுமில்லை, தட்டிப் பார்க்கவுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்தார். திரும்பும் வழி முழுக்க அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்தது. நீல வள்ளத்தை என் வாயால் இழந்தோம் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் பெரியப்பா வேலியைத் தாண்டி வந்தார். பேசின மாட்டை மாற்றிக் கட்டுகிறவன் கள்ளன் என்றார். கடைசி நேரத்தில் மாற்றித் தருகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, கரை ஆட்களுக்கு நாங்கள் விளையாட்டாகப் போய்விட்டோம் என்றார். அப்பா தலையாட்டினார். எருதின் விலை இன்னும் அவர் மடியில் கிடந்தது. உலையில் அன்றைக்குப் போட அரிசி அரைச் சுண்டு, இரண்டு கைப்பிடிதான் இருந்தது.

அம்மா குசினிக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்.

"வள்ளக்காரரின்ரை பிள்ளை எந்த வள்ளத்திலை ஏறுறவள்?"

எனக்குத் தெரியும். அவள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "கறுத்ததிலை," என்றேன்.

அம்மா ஊதுகுழலை வைத்துவிட்டு எழும்பி, அப்பாவும் பெரியப்பாவும் நின்ற இடத்துக்குப் போனார். "கறுத்ததை வாங்குங்கோ," என்றார். காரணம் சொல்லவில்லை. பெரியப்பா வேலியைத் தாண்டித் திரும்பிப் போனார்.

அடுத்த நாள் அப்பா நாள் பார்க்கவில்லை, சால்வையும் எடுக்கவில்லை. வள்ளக்காரருடைய மனைவி மறுபடியும் தேத்தண்ணி கொண்டுவந்தார்; கொஞ்சம் தூரத்திலேயே நின்றார். அப்பா போய்க் கோப்பையை வாங்கினார். நின்றபடியே, அடியில் கிடந்த கசடு வரைக்கும் குடித்தார். ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பெரிய மனிதர்கள் ஏன் இப்படி வேலை செய்வதுபோலக் குடிக்கிறார்கள் என்று நான் என் கோப்பைக்குள் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் சீனி இருந்தது. அந்த நாட்களில் சீனி என்பது பெரிய விசயம்.

காசைக் கொடுத்துவிட்டு அப்பா கறுத்த வள்ளத்தின் நடுவில், வண்டிலில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்து, இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தார். வள்ளக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார். சில கிழமைகளில் அப்பா பக்கத்தை விட்டுத் துடுப்பைப் பிடித்தார், பிறகு வலையைப் பிடித்தார். வாடைக் காற்று குளத்தைக் கிழித்த மாலைகளிலும் கறுத்த வள்ளம் அவரைக் கணுக்கால் நனையாமல் கொண்டுவந்து சேர்த்தது. பெரியப்பா வீட்டுக்கும் ஒரு கோர்வை மீன் போனது. அவர் வாங்கிக்கொண்டார், அவர் வாங்கிற ஆள்தானே. அப்பா அந்தக் குளத்தில் ஒருநாளும் விழவில்லை. அவருக்குக் கடைசிவரை நீந்தத் தெரியாது.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. குளக்கட்டில் நின்று பார்க்கும்போது, தூரத்தில் நீல வள்ளம் வெயிலைப் பிடித்து மின்னும். வள்ளக்காரர் முன்னால் இருந்து வலிப்பார். பின்னால் அவருடைய மகள் குனிவதும் நிமிர்வதுமாக, பால்மா வந்த ஒரு தகரப் பேணியால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவாள். தண்ணீர் ஒவ்வொரு தரமும் வெள்ளியாய் விரிந்து விழும். அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். எனக்கு வர வேண்டிய வள்ளத்தில், எனக்கு வர வேண்டிய நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்து.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டேவிட்டேன்.

"உங்கட அப்பா வடிவானதை வைச்சுக்கொண்டு வடிவில்லாததை எங்களுக்குத் தந்திட்டார், என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உங்கட அப்பாவுக்கு நீந்தத் தெரியாதெல்லோ," என்றாள்.

அவள் சொன்னது பதில். என் காதில் விழுந்தது பழிப்பு. அப்பாவின் குறையை அவர்கள் வீட்டில் வைத்துச் சிரிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அந்தப் பள்ளித் தவணை முழுக்க அவளோடு கதைக்கவில்லை. வாங்கின் நடுவில் சோக்கட்டியால் கோடு கிழித்தேன். அவள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எழுதும்போது அவளுடைய வலக்கை முழுதாக மூடாது. பேணியின் விளிம்பு உள்ளங்கையில் வெட்டிய இடம் சிவந்து கிடந்தது. பென்சிலை இரண்டு விரல் நுனியால் பிடித்து எழுதினாள். எழுத்து கோணலாகப் போகிறது, பாதி நாள் பிந்தி வருகிறாய் என்று ரீச்சர் அவளை எழுப்பி நிறுத்தி ஏசினார்.

அவள் நின்றாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.