பத்து மணி மாத்திரை

என் தம்பி பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறான். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அவன் மனைவி தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். எங்கள் அம்மா வாய்க்கு வந்தபடி பேசினாள். அதைத் தடுக்க அக்காக்காரி எனக்குத் துப்பில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் பட்டறையில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். ஈயத்தின் அளவைக் கேட்டு முதலாளி பதறிப்போய்ப் புகைபோக்கியைச் சரிசெய்தார் என்றா நினைக்கிறீர்கள்? மாத்திரை வாங்கினார். பூண்டு, மஞ்சள், திராட்சை விதை எல்லாம் சேர்ந்த மூலிகை மாத்திரை. ஈயம் கெடுக்கிற ஆண்மையை அது காப்பாற்றுமாம். தினமும் பத்து மணிக்கு சூப்பர்வைசர் டப்பாவோடு வருவார். வேலை கெட்டுவிடும் என்பதால் உலையை விட்டு யாரும் நகரக் கூடாது. நின்ற இடத்திலேயே கிழிந்த கையுறையைக் கழற்றி, அவர் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். தம்பி ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அப்பா ஆகிவிடலாம் என்ற ஆசைதான்.

இந்த வருஷம் ஈயத்தின் அளவு இன்னும் ஏறியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியையும் அவன் மனைவியையும் இழுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் அவனுக்கும் விந்துப் பரிசோதனை எழுதினார். குழந்தை இல்லை என்பதற்காக ஏழு வருஷத்தில் ஆம்பிளைக்கு எழுதிய முதல் பரிசோதனை அதுதான்.

முடிவு மோசம். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று டாக்டர் விசாரிக்க, இவன் பெருமையாக விளக்கினான். அவர் அவனுடைய நகக்கண்களைப் பார்த்தார். அந்த மாதிரிச் சாறுகள் எலிகளுக்கு ஓரளவு உதவியிருக்கின்றன, மனுஷனுக்கு உறுதியாகத் தெரியாது என்றார். எதுவானாலும், கழுவாத கையால் விழுங்கினால் மாத்திரையோடு ஈயமும் சேர்ந்துதான் உள்ளே போகும். அது போவது நின்றால் சில மாதங்களில் உடம்பு தேற வாய்ப்பிருக்கிறதாம்.

வெளியே வந்ததும் தம்பி மனைவி என்னிடம் சொன்னாள்: "ஏழு வருஷமா எல்லாரும் என் வயித்ததான் சோதிச்சாங்க அண்ணி. அந்த உலைய ஒருத்தரும் சோதிக்கல."

மறுநாள் தம்பி கை கழுவ உலைப் பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இனிமேல் இரண்டு மாத்திரையாகத் தருகிறோம் என்றாராம் சூப்பர்வைசர். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த நாள் பத்து மணிக்கு இரண்டு மாத்திரையையும் வாங்கினான். விரல்களால் நன்றாக உருட்டி, சூப்பர்வைசரின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தான்.

"இத நீங்க முழுங்குங்க சார். நான் பாக்கறேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். மாத்திரை கறுத்திருந்தது. விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குப் போனவர், அங்கே இருந்த குழாயைத் திறந்து சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். உலையை அப்படியே விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரும் அவருக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார்கள்.