இறந்தவருக்கு எட்டு மாதம் மாத்திரை கொடுத்தேன்

1. கட்டைப்பை

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கடையில் கூட்டம் ஓய்ந்து, ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்ட நேரம். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், கவுன்டர் கண்ணாடியின் மேல் ஒரு கட்டைப்பையைக் கவிழ்த்தாள். கொட்டியதெல்லாம் காலி மாத்திரை அட்டைகள். ஒரே கம்பெனி, ஒரே மாத்திரை. கடும் வலிக்குக் கொடுக்கிற மாத்திரை அது.

"இதெல்லாம் நீங்க குடுத்ததுதானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வழியில்லை. அட்டையின் பின்பக்கம் காலைக்கு ஒரு சூரியனும் ராத்திரிக்கு ஒரு பிறையும் ஸ்கெட்ச் பேனாவால் போட்டுக் கொடுப்பது என் பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆரம்பித்தது, பிறகு எல்லாருக்கும் போட ஆரம்பித்துவிட்டேன். கொட்டிக் கிடந்த அத்தனை அட்டையிலும் என் சூரியன், என் பிறை.

"ஆமாம்மா. பனமலை சிவகுமார் வாங்கிட்டுப் போவாரு, அவங்க அப்பாவுக்கு. நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம். தேவகி."

"மாமனார் இப்ப எப்படி இருக்காரு?" என்றேன். வாய்ப் பழக்கம்தான்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாமா செத்து எட்டு மாசம் ஆவுதுக்கா."

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்தச் சிவகுமாரிடம் இரண்டு அட்டை கொடுத்து, "நைனாவை நல்லா பாத்துக்கப்பா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

2. அட்டை காட்டினால் போதும்

டி.பார்ம். முடித்துவிட்டு இப்போது கவுன்டரில் நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். செஞ்சியில் ஒரே கடையில் இருபத்தெட்டு வருடம் நின்றவள் நான். கோட்டை ஏறி வெயிலில் துவண்டு வருகிறவர்களுக்கு ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்ததிலிருந்து, பாம்பு கடித்தவரை ஆட்டோவில் ஏற்றியது வரை நல்ல கதைகள் நிறைய உண்டு. அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது நான் செய்த தப்பு, நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதின சீட்டு மழையில் நனையும், குழந்தை கிழிக்கும், பஸ்ஸில் விட்டுவிட்டு வருவார்கள். அட்டை தொலையாது. அதனால் "காலி அட்டையைக் கொண்டாந்து காட்டுங்க, போதும்" என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். சுகர், பி.பி. என்று ஆரம்பித்த வழக்கம் எல்லா மாத்திரைக்கும் பரவிவிட்டது. தெரிந்த முகத்திடம் சீட்டு கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இன்னாம்மா, இத்தினி வருசமா வர்றோம், எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்பார்கள். நானும் கேட்கமாட்டேன். வசந்தாக்கா நல்ல மனசுக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

சிவகுமாருக்கு இருபத்தொன்பது வயது. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அவன் அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று சொல்லி இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் சீட்டோடு வந்தான். சீல் வைத்து, ரிஜிஸ்டரில் ஏற்றி, முறைப்படி கொடுத்தேன். மூன்றாவது மாதம் அட்டையைக் காட்டினான், கொடுத்தேன். ரிஜிஸ்டரில் பழைய டாக்டர் பெயரையே எழுதிவைத்தேன்.

காலையில் ஒன்று, இரவு ஒன்று. பத்து மாத்திரை அட்டை ஐந்து நாளைக்கு வரும். அவன் நாலு நாளில் வந்தான். பிறகு மூன்று நாளில் வந்தான். பிறகு ஒரே தடவையில் இரண்டு அட்டை. நான் கவனிக்காமல் இல்லை. நோய் முற்றிவிட்டது போல என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவன் நின்றபடியே கையைச் சொறிவான், பேச்சு இழுக்கும், கண்மணி கடுகுபோல் சுருங்கியிருக்கும். இந்த மாத்திரையை அளவுக்கு மீறிப் போடுகிறவர்களுக்கு வரும் என்று பாடப் புத்தகத்தில் நான் படித்துப் பாஸ் பண்ணிய அறிகுறிகள். பாவம், அப்பாவுக்காகக் கண்விழிக்கிறான் என்று நினைத்தேன். வீட்டில் என் மகனிடம், "பெத்தவனுக்கு மருந்து வாங்க பஸ் ஏறி வர்றான் பாரு ஒரு புள்ள, நீயும் இருக்கியே" என்று இடித்துக்கூடக் காட்டினேன்.

3. "நாம குடுக்கலைன்னு சொல்லிடுங்க"

தேவகி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் சொன்னது இதுதான். சுவரில் டைல்ஸ் ஜாயின்ட் கோணல்மாணலாகப் போகிறது என்று மேஸ்திரி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். குழந்தை அழுதால் கையில் கிடைத்ததை வீசுகிறான். இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வாரத்துக்கு முன்னால் தானாகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறான். மறுநாளே கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டது. செத்துப்போன அப்பாதான் பிடித்துக்கொண்டார் என்று சொல்லி மேல்மலையனூர் கோயிலுக்கு அழைத்துப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். வீடு திரும்பியதும் அவன் மறுபடியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டான், வெட்டு நின்றுவிட்டது. பழம் வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினார்கள். தேவகி நம்பவில்லை. தேடினாள். மோட்டார் கொட்டகையில் இந்தப் பை கிடைத்தது. அவனை விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா ஒரு நாளைக்கு எத்தினி போட்டாருன்னு கரெக்டா கேக்குறாங்கக்கா. இவரு ரெண்டுன்றாரு. வாயத் தொறந்தா பொய்யி. கொறச்சி சொன்னா மறுபடி ஃபிட்ஸ் வருமாம், உசுருக்கே ஆபத்தாம். இந்த அட்டைங்க பாதிதான், மீதிய எங்க போட்டாருன்னு தெர்ல. எப்ப எத்தினி வாங்கினாருன்னு உங்களுக்குத்தான தெரியும்? வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் தேதிவாரியாக இருக்கிறது. ஆனால் அதே ரிஜிஸ்டரில்தான் எழுதாத டாக்டர் எழுதியதாக என் கைப்பட எழுதியதும் இருக்கிறது.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். "வசந்தாம்மா, நாம குடுக்கலைன்னு சொல்லிடுங்க."

"என் குறி போட்டிருக்குது சார்."

"குறி யாரு வேணா போடலாம். ரிஜிஸ்டர் விசயம் வெளிய போச்சுன்னா கடை லைசென்ஸ் போயிடும். கூடவே உங்க சர்டிபிகேட்டும் போவும். இந்த வயசுல வேற எந்தக் கடையில போயி நிப்பீங்க?"

முதலாளி கெட்டவர் இல்லை. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு எத்தனையோ தடவை சும்மா மருந்து கொடுத்தவர். பயந்துவிட்டார், அவ்வளவுதான். நானும் பயந்தேன். வெளியே வந்து, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். தேவகி ஒற்றைக் கையால் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். "நாளைக்கு அட்மிஷன் போடுறாங்கக்கா. பத்து மணிக்கு அங்க இருப்போம்" என்றாள். உதவி செய்யக் கை நீளவில்லை எனக்கு. குனிந்து நின்றேன்.

சாயங்காலம் முதலாளி பேங்குக்குப் போன நேரத்தில் ரிஜிஸ்டரைப் பிரித்து, சிவகுமார் வாங்கிய தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்து இன்னொரு தாள் வேண்டியிருந்தது. எழுத எழுதத்தான் தெரிந்தது, நான் எவ்வளவு கொடுத்திருக்கிறேன் என்று.

4. விழுப்புரம்

அந்த டாக்டருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மறுநாள் காலை நான் நீட்டிய தாள்களை வாங்கிப் படித்தார். அவன் சொன்னதைப்போலப் பல மடங்கு என்றார். தேதிகளின் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க ஃபார்மசிஸ்ட்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சிவகுமார் வெளியே பெஞ்சில், அந்த வெயில் நேரத்திலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பப்பா ஆரம்பிச்ச?"

"நைனா இருக்கும்போதேக்கா. ஞாயித்துக்கெழமையில சைட்டு பசங்க ஏரிக்கரையில உக்காருவோம். அங்க ஒருத்தன் கொண்டாந்தான். ஜாலிக்குதான் போட்டேன். வாசனை வராது, வீட்டுல தெரியாது. போட்டா, ஒருத்தரும் நம்மள ஒண்ணும் கேக்காத மாதிரி இருக்கும். அப்பதான் பாத்தேன், நம்ம வீட்டுலயே அது இருக்குதேன்னு."

போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டான். பிறகு போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்.

"நைனாவோட ராத்திரி மாத்திரையத்தான் எடுப்பேன். காலையில உள்ளத குடுத்துடுவேன். ராத்திரியில அவரு கத்துவாரு. நோவு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு அம்மா அழுவும். ஏன் கத்துறாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் நெறைய வாங்கி அவருக்கும் குடுத்துடலாம்னுதான் சீக்கிரமா வந்தேன். நீங்க ஒண்ணும் கேக்கல. ஆனா வாங்குனது எனக்கே பத்தல."

"அவர் போன பிறகாவது விட்டிருக்கலாமே?"

"விட்டா அந்தச் சத்தம் கேக்குதுக்கா. அத நெனச்சா தாங்க முடியல. தாங்க முடியலன்னு இன்னும் ரெண்டு போடுவேன்." அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நைனா செத்ததுக்கப்புறம் மொத தடவை கடைக்கு வந்தப்ப, உங்ககிட்ட சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க அட்டைய எடுத்து வச்சிட்டீங்க."

நான் அழுதேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிற வருகிறவர்கள் பார்க்க, தள்ளி நின்று அழுத அவன் அம்மாவைவிடச் சத்தமாக அழுதேன் என்று தேவகி பிறகு சொன்னாள்.

5. அதற்குப் பிறகு

ரிஜிஸ்டர் விஷயம் வெளியே போனது. மருந்துக் கடைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தார், கடையைச் சில வாரம் மூடினார்கள். எனக்கு விசாரணை நடந்தது. செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். சர்டிபிகேட் போகவில்லை. கடை திறந்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "வாங்க. சீட்டு கேக்குறதுக்கு இனிமே உங்கள விட்டா ஆளு கெடைக்காது" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா, தெரியாது. போனேன்.

சிவகுமாருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்தான், மறுபடி விழுந்தான், மறுபடி அட்மிட் ஆனான். தேவகியை அவள் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டார். சில மாதம் கழித்து அவளே திரும்பி வந்தாள். ஊரில் அவனுக்கு "மாத்திரை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அவன் நுழைந்தால், "மாத்திரைக்கு ஒரு டீ போடு" என்பார்களாம். குடிகாரனுக்கு எங்கள் பக்கம் பட்டப்பெயர் கிடையாது. வைக்க ஆரம்பித்தால் பெயர் பத்தாது. ஏரிக்கரையில் கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேல்சித்தாமூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், அதிகம் பேசாதவர், கடைசியில் வேலை கொடுத்தார்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின மாதம் அவன் கடைக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பல் டாக்டரின் சீட்டை நீட்டினான். அன்றைய தேதி, சீல், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன.

"அக்கா, இதுல அந்த மாதிரி எதுனா இருக்குதா பாருங்க. இருந்தா குடுக்காதீங்க."

பார்த்தேன். சாதாரண மாத்திரைதான். "இல்லப்பா. பயமில்லாம போடலாம்."

"அப்பவும் ரெண்டு மட்டும் கட் பண்ணிக் குடுங்க. நாளைக்கி வலிச்சா நாளைக்கி வர்றேன்."

"நாளைக்குன்னா பனமலையிலேர்ந்து மறுபடி பஸ் ஏறணுமே?"

"ஏறுறேன்."

கத்தரியை எடுத்து இரண்டு வெட்டிக் கொடுத்தேன். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்குதுக்கா" என்றான். மறுநாளும் வந்தான், இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.

பிள்ளைகளே, சீட்டு கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், ஏசுவார்கள், அடுத்த கடைக்குப் போவதாக மிரட்டுவார்கள். ஏசட்டும். நாலு நாளில் வந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அட்டையை எடுக்காதீர்கள். நான் கேட்காமல் விட்டதற்கு நல்ல மனசு என்று பெயர் வைத்திருந்தேன். அது சோம்பல்.

சிவகுமார் பிழைத்துக்கொண்டான் என்று சொல்லித்தான் எல்லாரும் என்னைத் தேற்றுகிறார்கள். உண்மைதான். ஆனால் என் மருந்தை நம்பியிருந்த நோயாளி அவன் இல்லை, அவன் அப்பா. அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நைனா எப்படி இருக்காரு என்று ஓயாமல் விசாரித்தேனே தவிர, ராத்திரி மாத்திரை போட்ட பிறகு அவருக்கு வலி அடங்குதா என்று ஒரே ஒரு தடவை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிவகுமார் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த ராத்திரிகளில் ஒன்றிலாவது அவர் தூங்கியிருப்பார்.